ராத்திரி 11 மணிக்கும் சுடுகிற சுவர்

சிங்கப்பூரில் எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவர் மேற்குப் பார்த்தது. ஏப்ரல், மே மாதங்களில் ராத்திரி 11 மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்ததும் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. பொழுது சாய்ந்து நாலு மணி நேரம் ஆகியிருக்கும். ஆனாலும், அடுப்பை அணைத்த பிறகும் சூடு இறங்காத தோசைக்கல் மாதிரி சுவர் வெதுவெதுவென்று இருக்கும். "குவீன்ஸ்டவுன்ல இருந்தப்போ சன்னலைத் திறந்து வச்சா போதும். விடியக்காலையில போர்வையைத் தேடுவோம்" என்று அம்மா ஆரம்பிப்பார்.

பழைய நினைவில் வெயில் எப்போதும் குறைச்சல்தான், மாம்பழம் எப்போதும் இனிப்புதான். அதனால் அம்மாவின் பேச்சை நான் முழுசாக நம்பியதில்லை. ஆனால் வானிலைப் பதிவுகளைப் பார்த்தால், இந்த விஷயத்தில் அவர் சொல்வது சரிதான். காரணம் எது என்பதில்தான் சிக்கல். அம்மா "உலகமே சூடாயிருச்சு" என்கிறார். எதிர்வீட்டு மாமா "எல்லாம் இந்தக் கட்டடங்களால வந்த வினை" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஆனால் இரண்டும் வேறு வேறு உண்மை. அதைப் பிரித்துப் பார்க்காததால்தான் கோப்பிக்கடையில் இந்தப் பேச்சு எடுத்தாலே பாதியில் குழம்பிவிடுகிறது.

முதலில் ஒரு நாள் கணக்கை ஒதுக்கி வைப்போம். 1983 ஏப்ரல் 17ஆம் தேதி தெங்காவில் 37 டிகிரி செல்சியஸ் பதிவானது. அதன் பிறகு 40 வருஷம் அந்த எண்ணை எதுவும் தொடவில்லை. 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் மறுபடியும் அதே 37. "அப்பவே 37 அடிச்சிருக்கே, இப்ப என்ன புதுசா?" என்று கேட்பவர்கள் உண்டு. 1983இல் உலகம் ஒரு பலத்த எல் நினோவிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. பசிபிக் கடல் நீர் சூடாகும் அந்த ஆண்டுகளில் நம் பகுதியில் மழை குறையும், வெயில் ஏறும். ஒரு நாள் தக்காளி விலையை வைத்து விலைவாசியைச் சொல்ல முடியாது. வருஷா வருஷம் எழுதி வைத்த வீட்டுக் கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்கு நம்மிடம் இருக்கிறது. 1948 முதல் 2016 வரை சிங்கப்பூரின் சராசரி வெப்பநிலை பத்தாண்டுக்கு 0.25 டிகிரி வீதம் ஏறியிருக்கிறது. இதே காலத்தில் உலகம் ஏறிய வேகத்தைப் போல இது ஏறத்தாழ இரட்டிப்பு. இங்கே மிகச் சூடான ஆண்டுகள் என்று பதிவானவை 2016, 2019, 2024. மூன்றிலும் ஆண்டுச் சராசரி 28.4 டிகிரி.

சரி, ஏன் இரட்டிப்பு? மாமா சொல்வது இங்கேதான் வருகிறது. சிங்கப்பூரில் இரண்டு அடுப்பு எரிகிறது. ஒன்று ஊர் அடுப்பு, இன்னொன்று உலக அடுப்பு.

ஊர் அடுப்பு நாம் கட்டியது. 1960இல் இந்தத் தீவில் சுமார் 16 லட்சம் பேர். இன்று 60 லட்சத்துக்கும் மேல். மண்ணும் மரமும் இருந்த இடத்தில் கான்கிரீட்டும் தாரும் வந்தன. மண்ணில் ஈரம் இருக்கும், இலையிலிருந்து நீர் ஆவியாகும், அந்த வேலையிலேயே வெயிலின் பாதிச் சக்தி செலவாகிவிடும். கான்கிரீட்டுக்கு அப்படி ஒரு வேலையும் இல்லை. பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரி மெதுவாகத் திருப்பிக் கொடுக்கிறது. நெருக்கமாக நிற்கும் கட்டடங்கள் அந்தச் சூடு வானத்துக்குப் போகும் வழியை அடைக்கின்றன, காற்றையும் தடுக்கின்றன. அதோடு கார்கள், பேருந்துகள், ஆயிரக்கணக்கான ஏர்கான் பெட்டிகள் வெளியே தள்ளும் அனல். கட்டடம் நெருங்கிய மையப் பகுதிக்கும் மரம் மண்டிய புறப்பகுதிக்கும் இடையே சில இரவுகளில் 7 டிகிரி வரை வித்தியாசம் அளந்திருக்கிறார்கள். வித்தியாசம் பகலில் அவ்வளவு தெரியாது. ராத்திரியில்தான் தெரியும். என் சமையலறைச் சுவர் செய்வது இந்த வேலையைத்தான்.

உலக அடுப்பைப் புரிந்துகொள்ள ஊர்ப்பக்கத்து மார்கழியை நினைத்துப் பாருங்கள். வானம் துல்லியமாகத் தெரிந்து நட்சத்திரம் கொட்டிக் கிடந்தால் விடியலில் பனி இறங்கும், வாய் திறந்தால் புகை வரும். அதே மாதத்தில் மேகம் மூடிய ராத்திரி என்றால் புழுக்கம். வெயில் இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் அடித்திருக்கும். தரை வாங்கிய சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக ராத்திரியில் மேலே அனுப்புகிறது. மேகம் அதை வழிமறித்து, ஒரு பகுதியைக் கீழேயே திருப்பி அனுப்புகிறது. மேகம் செய்யும் இந்த வேலையைக் காற்றில் கலந்த நீராவியும் கரியமில வாயுவும் மீத்தேனும் எந்த நேரமும் செய்துகொண்டிருக்கின்றன. அவை இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 18 டிகிரியில் இருக்கும். ஆக, பசுமை இல்ல வாயுக்கள் என்று சொல்லப்படும் இவை இருப்பதே தப்பு என்பதல்ல பேச்சு. அளவு ஏறுவதுதான் பேச்சு.

இது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற பெண்மணி 1856இல் கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த குழாய் அதிகமாகச் சூடானது, ஆற ரொம்ப நேரம் எடுத்தது. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் அப்போது தொடங்கி 29 வருஷம்தான் ஆகியிருந்தது. 1859இல் ஜான் டிண்டால் ஆய்வகத்தில் இன்னும் துல்லியமாக அளந்தார். 1896இல் சுவீடன்காரர் அர்ஹீனியஸ் நிலக்கரிப் புகையால் உலகம் எவ்வளவு சூடாகும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டார்.

"காற்றில் கரியமில வாயு பத்தாயிரத்தில் நாலு பங்குதானே, நீராவி அதைவிட எவ்வளவோ அதிகம் ஆச்சே" என்று கேட்பவர் விவரம் தெரிந்தவர். நியாயமான கேள்வி. பதில் இதுதான். நீராவி பத்து நாளில் மழையாகக் கொட்டிவிடும். கரியமில வாயு பல நூறு ஆண்டுகள் காற்றிலேயே தங்கும். அது காற்றை ஒரு டிகிரி சூடாக்கினால், அந்தக் காற்று 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். அந்த நீராவி தன் பங்குக்கு இன்னும் சூடாக்கும். நீராவி கூலியாள், கரியமில வாயுதான் முதலாளி.

முதலாளி எவ்வளவு பெருத்திருக்கிறார்? தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்கு. சார்ல்ஸ் கீலிங் 1958இல் ஹவாயின் மௌனா லோவா மலைமேல் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. 2024இல் 420ஐத் தாண்டிவிட்டது. அண்டார்டிகா பனிக்குள் சிக்கிய பழங்காலக் காற்றுக் குமிழிகளை எடுத்துப் பார்த்தால் கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் 300ஐக்கூட அது தாண்டியதில்லை.

அதைப் போட்டது நாம்தான் என்பது எப்படித் தெரியும்? எரிமலையாகவோ காடாகவோ இருக்கக் கூடாதா? எனக்கு இதில் மிகவும் பிடித்த சாட்சி, கரியமில வாயுவில் உள்ள கரிமத்தில் ஒரு வகையான கரிமம்-14. உயிருள்ள மரத்தில், விலங்கில், நம் உடம்பில் அது கொஞ்சம் இருக்கும். செத்த பிறகு 5,730 ஆண்டுக்குப் பாதி என்று குறைந்துகொண்டே போகும். நிலக்கரியும் எண்ணெயும் பல கோடி ஆண்டுக்கு முன்பு செத்தவை. அவற்றில் கரிமம்-14 துளியும் மிச்சமில்லை. தொழிற்புரட்சிக்குப் பிறகு காற்றில் கரிமம்-14இன் பங்கு நீர்த்துப்போனதை மர வளையங்கள் காட்டுகின்றன. அதாவது புதிதாகச் சேர்ந்தது ரொம்பப் பழைய கரிமம். இன்றைய காடு எரிந்தால் இந்தத் தடயம் வராது. எரிமலைக் கரிமமும் பழசுதான். ஆனால் மரம் செடியிலிருந்து வந்த கரிமத்தில் கரிமம்-13 என்ற இன்னொரு வகை குறைவாக இருக்கும். அந்த அடையாளமும் நிலக்கரி, எண்ணெயோடுதான் ஒத்துப்போகிறது, எரிமலையோடு இல்லை.

சூரியன் காரணமாக இருந்தால்? சூரியன் கூடுதலாகக் காய்ந்தால் காற்று மண்டலம் மேலிருந்து கீழ் வரை சூடாக வேண்டும். நடப்பது அப்படி இல்லை. நாம் இருக்கும் கீழ்க் காற்று சூடாகிறது, விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே உள்ள காற்று குளிர்ந்துகொண்டு வருகிறது. கீழேயே சூட்டைப் பிடித்து வைத்தால்தான் மேலே குளிரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பகலைவிட ராத்திரி வேகமாகச் சூடாவதைப் பசுமை இல்ல வாயுக்களின் கைரேகை என்று சொல்வார்கள். உலக அளவில் அது சரி. ஆனால் சிங்கப்பூரில் ஊர் அடுப்பும் ராத்திரியைத்தான் சூடாக்குகிறது. அதனால் என் வீட்டுச் சுவரைக் காட்டி "பாருங்கள், பருவநிலை மாற்றம்" என்று நான் சொன்னால் மாமா மடக்கிவிடுவார், மடக்கவும் வேண்டும். கட்டடங்களால் செய்யவே முடியாத ஒன்றைச் சாட்சியாகக் கூப்பிட வேண்டும். கடல்தான் அது. உலகம் சேர்த்துக்கொண்ட கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடலுக்குள் போயிருக்கிறது. சூடான நீர் விரியும், மலைப் பனியும் துருவப் பனியும் உருகிச் சேரும். 1970க்கு முன்பு இருந்ததைவிடச் சிங்கப்பூரைச் சுற்றிய கடல் மட்டம் இப்போது சுமார் 14 சென்டிமீட்டர் உயரம். ஆர்ச்சர்ட் சாலையில் எத்தனை கடைத்தொகுதி கட்டினாலும் அது நடக்காது.

சூட்டுக்கு வருவோம். திருச்சியிலிருந்து வந்த சித்தப்பா, "எங்க ஊர்ல 40 அடிக்குது. உங்களுக்கு 33தானே, இதுக்கா இந்த அலம்பல்?" என்று சிரித்தார். மூன்றாம் நாள் தேக்காவிலிருந்து ஃபேரர் பார்க் எம்ஆர்டி வரை நடந்துவிட்டு, பனியனைப் பிழிந்து காட்டினார். இங்கே வியர்வை வரும், காயாது. மூங்கில் கழியில் போட்ட துணி சாயங்காலமாகியும் ஈரமாகவே தொங்கும் நாளில் நம் தோலும் அப்படித்தான். உடம்பு சூட்டை வெளியே விடும் முக்கிய வழி வியர்வை காய்வது. அந்த வழி அடைபட்டால் 33 டிகிரியும் ஆபத்து.

அதனால்தான் 2023 ஜூலையில் இங்கே வெப்ப அழுத்த ஆலோசனை அறிமுகமானபோது வெறும் வெப்பநிலையை எடுத்துக்கொள்ளவில்லை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 பங்கு, வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்கு 20 பங்கு, சாதாரண வெப்பமானிக்கு 10 பங்கு என்று கலந்து ஓர் எண் சொல்கிறார்கள். 31க்குக் கீழே இருந்தால் குறைவு, 33ஐத் தொட்டால் கடுமை. அதே ஆண்டு அக்டோபரில் மனிதவள அமைச்சு வெட்டவெளி வேலைக்கு விதிகளை இறுக்கியது. இந்த எண் 32ஐத் தொட்டால், கடினமான உடல் உழைப்பில் இருப்பவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் குறைந்தது 10 நிமிஷம் நிழலில் ஓய்வு. 33 என்றால் 15 நிமிஷம்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் டீ குடிக்கும்போது பழக்கமான புதுக்கோட்டைக்காரர் ஒருவர் கம்பி கட்டும் வேலையில் இருக்கிறார். இந்த விதியைப் பற்றிக் கேட்டேன். "பிரேக் குடுக்குறாங்க அண்ணே, நல்லதுதான். பகல் வெயில் எனக்குப் பழகிப்போச்சு. ராத்திரி ரூம்ல தூக்கம் வரலேன்னாதான் மறுநாள் சாரத்துல நிக்கும்போது கண்ணைக் கட்டுது" என்றார். மருத்துவர்கள் சொல்வதும் அதுதான். உடம்புச் சூடு இறங்கினால்தான் ஆழ்ந்த தூக்கம் வரும். ராத்திரி ஆறவில்லை என்றால் நேற்றைய களைப்பு இன்றைய கணக்கில் ஏறிவிடும். பகல் வெயிலுக்கு விதி போட்டாயிற்று. ராத்திரிப் புழுக்கத்துக்கு என்ன விதி போடுவது?

2024 ஜனவரியில் வெளியான மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வு, 35 டிகிரியைத் தாண்டும் நாள்களை எண்ணிப் பார்த்தது. இதுவரை ஆண்டுக்குச் சராசரியாக 21 நாள். நூற்றாண்டின் கடைசியில் அது 41 நாளாகவும் இருக்கலாம், 351 நாளாகவும் இருக்கலாம். உலகம் எவ்வளவு புகை விடுகிறது என்பதைப் பொறுத்தது. 41க்கும் 351க்கும் நடுவே எவ்வளவு பெரிய இடைவெளி! "விஞ்ஞானிகளுக்கே சரியாகத் தெரியாது" என்று அதைக் காட்டிச் சிலர் தள்ளிவிடுகிறார்கள். அந்த இடைவெளியின் பெரும்பகுதி மனுஷன் என்ன செய்யப்போகிறான் என்பது முடிவாகாததால் வந்தது.

மழையைப் பற்றிச் சுருக்கமாக. 2025 பொங்கலுக்கு மூன்று நாலு நாள் முன்பு, ஜனவரி 10, 11 தேதிகளில் சாங்கியில் 255.2 மில்லிமீட்டர் கொட்டியது. ஜனவரி மாதம் முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம். வடகிழக்குப் பருவக்காற்று இப்படி வேகமெடுப்பது புதிதல்ல. 1978 டிசம்பரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் பெய்த ஊர் இது. அதனால் அந்த இரண்டு நாள் மழையைப் பருவநிலை மாற்றத்தின் தலையில் நான் கட்டமாட்டேன். சூடான காற்று அதிக நீராவியைத் தாங்குவதால், பெய்யும்போது முன்னைவிட அடித்துப் பெய்யும் வாய்ப்பு கூடுகிறது என்று மட்டும் சொல்லலாம். கடல் நீர் பெருகி ஏறும் நேரமும் அதோடு சேர்ந்து வந்தால் கால்வாய்த் தண்ணீர் வெளியேற வழியிருக்காது. 2008இல் திறந்த மரினா அணைக்கட்டில் ஏழு ராட்சதப் பம்புகளை வைத்திருப்பது அதற்காகத்தான். கதவைத் திறந்தால் கடல் உள்ளே வரும் என்ற நேரத்தில் மழைநீரை இறைத்துக் கடலில் ஊற்ற வேண்டும்.

கடல் இன்னும் ஏறும். அந்த மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வின்படி 2100க்குள் 1.15 மீட்டர் வரை போகலாம். தீவில் ஏறத்தாழ 30 விழுக்காடு நிலம் கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டருக்குள்தான் இருக்கிறது. 2019 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், கடலோரப் பாதுகாப்புக்கு நூறு ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளி அல்லது அதற்கும் மேல் தேவைப்படலாம் என்றார். புலாவ் தெக்கோங்கில் நெதர்லாந்துக்காரர்களின் பழைய வித்தையைக் கையாண்டு, கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்த நிலத்தைச் சுற்றிச் சுமார் 10 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரை எழுப்பினார்கள். ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு வெளியே சுமார் 800 ஹெக்டரில் ஒரு நீளத் தீவையே உண்டாக்கும் திட்டம் 2023இல் வந்தது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவே கடலைத் தூர்த்து வந்த நிலம்தான். காத்தோங் பக்கம் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால் தங்கள் வீட்டு வாசலில் அலை அடித்த கதை சொல்வார்கள்.

இந்தத் தீவில் நாம் எவ்வளவு உயரத்துக்குச் சுவர் எழுப்பினாலும் தடுக்க முடியாத ஒன்று அரிசி வழியாக வருகிறது. 2023 ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. பருவமழை தாமதமாக வந்து, பிறகு வடக்கே கொட்டித் தீர்த்து வயலைக் கெடுத்தது. எல் நினோ பயம் வேறு. உள்நாட்டு விலையைப் பிடித்து வைக்கும் அரசியலும் சேர்ந்தது. உலகச் சந்தைக்கு வரும் அரிசியில் சுமார் 40 விழுக்காடு இந்தியாவுடையது. நான் வழக்கமாகப் பொன்னி வாங்கும் கடைக்காரர், "இந்த மூட்டைக்கு இந்த விலை, அடுத்த மூட்டைக்கு நான் பொறுப்பில்லை" என்று கைவிரித்தார். ஆகஸ்டில் சிங்கப்பூருக்கு இந்தியா விலக்குக் கொடுத்தது. அப்பாடா என்று மூச்சு விட்டோம், டிசம்பரில் வெங்காய ஏற்றுமதியை நிறுத்தினார்கள். நம் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருவது. அரிசி இறக்குமதி செய்பவர்கள் தங்கள் மாத இறக்குமதியைப் போல் இரண்டு மடங்கைக் கிடங்கில் எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்று இங்கே ஒரு பழைய விதி உண்டு. ஒரு மழை தவறினால் தாங்கும். இரண்டு மூன்று நாடுகளில் ஒரே ஆண்டில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் கிடங்கு பதில் சொல்லாது.

"உலகப் புகையில் நம் பங்கு 0.1 விழுக்காடுதானே" என்பது இங்கே அடிக்கடி கேட்கும் சமாதானம். கணக்கு சரி. ஆனால் அதை நான் ஒரு சாக்காகத்தான் பார்க்கிறேன். ஜூரோங் தீவில் சுத்திகரிக்கும் எண்ணெயை யாரோ எங்கோ எரிக்கிறார்கள். உலகிலேயே அதிகமாகக் கப்பல் எரிபொருள் நிரப்பும் துறைமுகம் நம்முடையது, அந்தப் புகை எந்த நாட்டின் கணக்கிலும் ஏறுவதில்லை. நம் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. நிலக்கரியைவிட அது மேல், புகை இல்லாதது அல்ல. பெரிய ஆறு இல்லை, நிலையான காற்று இல்லை, சூரியத் தகடு விரிக்க நிலமும் இல்லை என்பது உண்மையான கஷ்டம்தான். கரியமில வாயுவை வெளியேற்றுவதற்குப் போடும் கரிம வரி 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கி, 2024இல் 25 ஆகி, 2026இல் 45 என்று ஏறுகிறது. 25 வெள்ளி ஆனபோது நான்கறை வீட்டின் பயனீட்டுக் கட்டணம் மாதம் சுமார் 4 வெள்ளி கூடும் என்று சொன்னார்கள். மூன்று கோப்பை டீ.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.4 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஓர் இரவு ஏர்கானுக்கு 5 யூனிட் போனால் 2 கிலோ. அது உலக அடுப்புக்கு. அறையிலிருந்து இழுத்த சூடு சன்னலுக்கு வெளியே போவது ஊர் அடுப்புக்கு. மாமா வீட்டு ஏர்கான் பெட்டி எங்கள் சமையலறைச் சன்னலைப் பார்த்து இருக்கிறது, எங்களுடையது அவர் படுக்கையறையைப் பார்த்து. முன்பு இரண்டு வீட்டிலும் ராத்திரி சன்னல் திறந்திருக்கும். இப்போது பத்து மணிக்கு அவர் சன்னலைச் சாத்தும் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் அவர் பெட்டி உறும ஆரம்பிக்கும். பதினொன்றுக்குச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அம்மா படுத்திருக்கும் அறையில் நானும் 25 டிகிரியில் போட்டுவிட்டு வருகிறேன்.